ஒரு பக்கெட் வெந்நீரும் பதினான்கு புகார்களும்

ஒரே கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வேலை செய்கிறவர்களை ஊருக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் ரெண்டு நாள் சிரிக்க வைப்பதற்கு ‘ஆஃப்சைட்’ என்று பெயர். அதை நடத்தி முடித்துவிட்டு எல்லோரிடமும் திட்டு வாங்குகிற வேலைக்கு எச்.ஆர். என்று பெயர்.

ஆபீஸில் பிறந்தநாள் கேக்குக்கு ஆர்டர் கொடுப்பது, ஃபேர்வெல் அன்றைக்கு மைக்கைத் தட்டிப் பார்ப்பது, குரூப் போட்டோவில் எல்லோரையும் நெருக்கி நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் படத்தில் இல்லாமல் போவது, இதெல்லாம் யார் தலையில் விழுகிறதோ அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். உங்கள் ஆபீஸில் போன தடவை பன்னீர் மசாலா ஆறிப்போயிருந்தது என்று சொன்னது நீங்கள்தானா என்று மட்டும் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தடி தூரம்

நான் எச்.ஆராக வேலை பார்ப்பது தில்லி ஓக்லாவில். ஆபீஸ்களுக்குப் பெரிய பிரிண்டர்களை விற்று, கெட்டுப்போனால் போய்ப் பழுதும் பார்க்கிற கம்பெனி. மொத்தம் முப்பத்தொரு பேர். அதில் இரண்டு பெரிய தலைகள். விற்பனைப் பிரிவுக்குக் கன்னா. ரஜௌரி கார்டன் பஞ்சாபிக்காரர். வாயைத் திறந்தால் எதிரே இருப்பவர் வேண்டாத பிரிண்டரையும் வாங்கிவிடுவார். சர்வீஸ் பிரிவுக்குச் செல்வராஜ் அண்ணாச்சி. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். விமானப்படையில் இருபது வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். ஸ்க்ரூ டிரைவரை எடுத்த இடத்தில் திருப்பி வைக்காதவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார். நான் திருநெல்வேலிக்காரி என்பதால் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார்.

நான் சொல்லப் போகிற ஆஃப்சைட்டுக்கு எட்டு மாதம் முன்னால் ஒரு கஸ்டமரிடம் கன்னா, “மெஷின் முதல் தரம் ஜி, சர்வீஸ்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்” என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி அங்கேதான் மெஷினுக்குப் பின்னால் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு பேருடைய மேஜைக்கும் நடுவில் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியை அன்றிலிருந்து நான்தான் நடந்தேன். “நொய்டா மெஷின் ரெடியான்னு அவர்கிட்ட கேளுங்க பியூலா ஜி” என்பார் கன்னா. “நேத்தே ரெடின்னு அவருகிட்ட சொல்லும்மா” என்பார் அண்ணாச்சி. அப்பா அம்மா சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்குக்கூடச் சாயங்காலம் விளையாடப் போகலாம். எனக்கு அதுவும் இல்லை.

ஒருநாள் எங்கள் முதலாளி மெஹ்ரா சார் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். இந்த இரண்டு பேரும் இப்படியே இருந்தால் சர்வீஸ் பிரிவை மூடிவிட்டு வேலையை வெளி கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். கான்ட்ராக்டர் பேப்பர்கள் மேஜைமேல் இருந்தன. பதினோரு பேர் வேலை. யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். அந்தப் பதினோரு பேருக்கும் பி.எஃப். நாமினி படிவத்தை நிரப்பிக் கொடுத்தவள் நான். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எது எத்தனாவது படிக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்டேன். ஒரு ஆஃப்சைட் வைத்துப் பார்க்கலாம், அதிலும் பேசவில்லை என்றால் கையெழுத்துதான் என்றார். நான் தயங்கி நின்றதைப் பார்த்து அவர் சொன்னது இது:

“இதுல என்ன கஷ்டம் பியூலா ஜி? ஒரு பஸ், நல்ல சாப்பாடு, பின்னாடி ஒரு பேனர். ஆஃப்சைட் சக்சஸ்.”

நல்ல நாள்

தில்லியில் முப்பத்தொரு பேருக்கும் சௌகரியமான ஒரு தேதியைக் கண்டுபிடிப்பவர்களுக்கு அரசாங்கம் ஏதாவது பதக்கம் கொடுக்க வேண்டும். நவராத்திரி விரதம் என்றார்கள். சரி, முடியட்டும் என்று காத்திருந்தேன். புருஷனுக்காகப் பெண்கள் பட்டினி கிடக்கிற கர்வா சௌத் என்றார்கள். அதுவும் முடிந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் யாருக்கும் கை ஓயாது, பிந்தின வாரம் யாருக்கும் மூச்சு விட முடியாது, அவ்வளவு புகை. நவம்பரில் ஆளுக்கு நாலு கல்யாணம். சித்தப்பா பையன், மாமா பெண், பக்கத்து வீட்டு அங்கிளின் மருமகள் வழி உறவு என்று பட்டியல் நீண்டது. கடைசியில் டிசம்பர் இரண்டாவது வாரம் வெள்ளி, சனி என்று நானே முடிவு பண்ணினேன். எங்கள் சர்ச்சில் கேரல் ஒத்திகை அன்றைக்குத்தான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு, கணக்குப் பிரிவின் மிஸ்ரா ஜி மெதுவாக என் மேஜைக்கு வந்தார். அவர் பஞ்சாங்கம் பார்க்காமல் புதுப் பேனா வாங்க மாட்டார். நாம் போகும் இடம் எந்தத் திசை என்று கேட்டார். ஜெய்ப்பூர் ரோடு, மானேசர் தாண்டி என்றேன். கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்:

“வெள்ளிக்கிழமை மேற்கே பயணம் ஆகாது மேடம். பஸ்ஸை முதல்ல கொஞ்ச தூரம் கிழக்கே ஓட்டிட்டு அப்புறம் திருப்பிக்கச் சொல்லுங்க, தோஷம் ஏமாந்துடும்.”

நீல நிறத் தண்ணீர்

நல்ல ரிசார்ட் எல்லாவற்றையும் கல்யாணக்காரர்கள் எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றின் இணையப் பக்கத்தில் படம் அருமையாக இருந்தது. நீல நிற நீச்சல் குளம், சுற்றிலும் குடை, குடைக்குக் கீழே ஒரு வெளிநாட்டுக்காரர். அனுபவப்பட்ட நீங்கள் படத்தை நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கிட்வாய் நகர் வீட்டிலிருந்து கிளம்பி நேரில் பார்க்கப் போனேன். அவர் மத்திய அரசு ஊழியர். வாரத்தில் இரண்டே இரண்டு நாள்தான் எனக்கு மேலதிகாரி இல்லாமல் கிடைக்கிறது, அன்றைக்கும் நீ வந்துவிடுகிறாய் என்று முனகிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

குளம் இருந்தது. தண்ணீர் இல்லை. அதற்குள்ளே கல்யாண நாற்காலிகளை வரிசையாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். படத்தில் தண்ணீர் இருந்ததே என்று மேனேஜரிடம் போனைக் காட்டினேன். அவர் படத்தை வாங்கிப் பெரிதாக்கி, ரசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ஆகஸ்ட்ல வந்து பாருங்க மேடம், மழை பெய்ஞ்சா போட்டோவுல இருக்குறதை விட ஜாஸ்தி தண்ணி இருக்கும்.”

முப்பத்தொரு வாய்

வேறு வழியில்லாமல் அதையே புக் பண்ணிவிட்டு, சாப்பாட்டுப் பட்டியலை எழுதி அந்த ரிசார்ட்டின் சமையல் பொறுப்பாளர் நேகி ஜிக்கு அனுப்பினேன். ஒன்பது பேருக்கு வெங்காயம், பூண்டு ஆகாது. மூன்று பேர் முட்டை சாப்பிடுவார்கள், ஆனால் முட்டை வெந்த சட்டியில் வேறு எதுவும் வேகக் கூடாது. ஒருத்தர் சிக்கன் சாப்பிடுவார், ஆனால் அதே ஆபீஸில் வேலை பார்க்கும் அவருடைய மச்சினர் கண்ணில் படக் கூடாது. கன்னாவுக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு தொட மாட்டார். ஆனால் ஜிலேபி வைக்காவிட்டால் மரியாதை இல்லை என்று கோபித்துக்கொள்வார். அண்ணாச்சிக்கு இரண்டு வேளையும் சோறு வேண்டும். ரொட்டி எத்தனை தின்றாலும் அவருக்கு அது பலகாரம்தான். நேகி ஜி அன்று சாயங்காலமே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, சந்தேகம்தான்.

“மேடம், நான் சமைக்க வேண்டியது முப்பத்தொரு ஆளுக்கா, முப்பத்தொரு வீட்டுக்கா?”

எல்லைக்கோடு

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மூல்சந்த் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பஸ் வந்து நின்றது. பனியில் பஸ்ஸே தெரியவில்லை, ஹார்ன் சத்தத்தை வைத்துத்தான் ஏறினோம். உள்ளே பார்த்தால் இடது பக்கம் முழுக்க விற்பனை, வலது பக்கம் முழுக்க சர்வீஸ். நடுவில் இருக்கிற வழி சர்வதேச எல்லை மாதிரி வெறிச்சோடிக் கிடந்தது. இடது வரிசையில் முதல் சீட்டில் கன்னா இடது ஜன்னலைப் பார்த்தார். வலது வரிசையில் முதல் சீட்டில் அண்ணாச்சி வலது ஜன்னலைப் பார்த்தார். இரண்டு ஜன்னலிலும் பனியைத் தவிர ஒன்றும் இல்லை. மிஸ்ரா ஜி மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் கடைசி நீள சீட்டின் நடுவில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ ஜபித்துக்கொண்டு வந்தார்.

வழியில் கொறிக்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் விற்கிற கடையிலிருந்து நாலு கிலோ முறுக்கு வாங்கியிருந்தேன். பையை முதல் சீட்டில் கொடுத்து, “பாஸ் பண்ணுங்க” என்றேன். அது இடது பக்கமாகவே கடைசி வரை போய், அப்படியே இடது பக்கமாகத் திரும்பி வந்தது. ஒருத்தர்கூட எல்லையைத் தாண்டிக் கையை நீட்டவில்லை. சரி என்று நானே நடுவில் நின்று, குர்கான் வரைக்கும் வலது பக்கத்துக்குப் பரிமாறினேன். விற்பனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ரித்திகா ஒரு முறுக்கைக் கடித்துப் பார்த்தாள். மறுபடி வேறு பல்லால் கடித்துப் பார்த்தாள். பிறகு என்னைத் தொட்டுக் கேட்டாள்:

“பியூலா ஜி, இது சாப்பிடுறதுக்கா, டீம் பில்டிங் கேமா?”

விழுகிற விளையாட்டு

குர்கானிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்திருந்தேன். தலைமுடியைக் குடுமி போட்டுக்கொண்டு, காலர் மைக் வைத்துக்கொண்டு, புல்வெளியில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார். நம்பிக்கை விளையாட்டு என்றார். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். இளசுகள் இரண்டு ஜோடி விழுந்து எழுந்து கைதட்டல் வாங்கின. யார் யாருக்கு ஆகாது என்று பயிற்சியாளரிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். நாசூக்காக ஏதாவது செய்வார் என்று நினைத்தேன். அவர் நேரே கன்னாவைக் கூப்பிட்டு நடுவில் நிற்க வைத்து, அண்ணாச்சியைக் கூப்பிட்டுப் பின்னால் நிறுத்திவிட்டார்.

கன்னா கண்ணை மூடினார். உடனே ஒரு கண்ணைத் திறந்தார். அவருடைய எடையும் லேசுப்பட்டதல்ல. “நம்புங்க, நம்புங்க” என்றார் பயிற்சியாளர். அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பரேடில் நிற்பது மாதிரி நின்றார். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். எனக்கு மெஹ்ரா சார் மேஜைமேல் பார்த்த பேப்பர்கள்தான் கண்ணுக்குள் வந்தன. ஓடிப் போய் அண்ணாச்சி பக்கத்தில் நின்று, கொஞ்சம் கையை நீட்டுங்கள் என்று மெதுவாகக் கெஞ்சினேன். அவர் குரலை உயர்த்தாமல் தமிழில் சொன்னார்:

“அவரு விழட்டும்மா. முறைப்படி கம்ப்ளெயின்ட் வரட்டும். ரெண்டு மணி நேரத்துல ஆளனுப்பி தூக்கிவிடுதேன்.”

நூற்றெட்டாம் நம்பர் அறை

கன்னா விழவில்லை. டீ வந்துவிட்டது என்று சொல்லி அந்த இடத்தை விட்டு எல்லோரும் தப்பித்தோம். அப்போதுதான் மேனேஜர் வந்து இன்னொரு குண்டைப் போட்டார். பக்கத்துக் கல்யாண வீட்டுக்காரர்கள் அறை போதாமல் எங்களுடையதில் ஒன்றை எடுத்துக்கொண்டார்களாம். சீனியர்கள் இரண்டு பேருக்கும் தனித்தனி அறை போட்டிருந்தேன். இப்போது ஒன்று குறைகிறது. ஜூனியர்களை மூன்று மூன்று பேராகப் போட்டால் சரிக்கட்டியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து நான் பட்ட பாட்டில் எனக்கே ஒரு அசட்டுத் துணிச்சல் வந்திருந்தது. இரண்டு பேரையும் நூற்றெட்டில் போட்டுச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அண்ணாச்சி மட்டும் பின்னாலேயே வந்து, “ஏம்மா, வேணும்னே பண்ணுதியா?” என்று கேட்டார். கல்யாணக்காரர்கள் மேல் பழியைப் போட்டேன். முக்கால்வாசி உண்மைதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் கீசர் எதுவும் வேலை செய்யவில்லை. டிசம்பர் குளிர் எலும்பைத் தொட்டது. சமையற்கட்டுக்குப் பின்னால் விறகடுப்பில் வெந்நீர் போட்டு அறைக்கு ஒரு பக்கெட் வைத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வோர் அறையாகக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்த நான், நூற்றெட்டைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன். வாசலில் ஆவி பறக்கிற ஒரு பக்கெட். அந்தப் பக்கம் குரங்குக் குல்லாவோடு கன்னா. இந்தப் பக்கம் தோளில் துண்டோடு அண்ணாச்சி. இரண்டு பேரும் பக்கெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவி குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் கன்னா பக்கெட்டிடம் சொல்வது மாதிரி, “ஆறிப் போகுது” என்றார். அண்ணாச்சி உள்ளே போய் ஒரு காலி பக்கெட்டையும் மக்கையும் எடுத்து வந்தார். “நீங்களே அளந்து ஊத்துங்க செல்வராஜ் ஜி, நான் ஊத்தினா அதுலயும் குறை சொல்லுவீங்க” என்றார் கன்னா. எட்டு மாதத்துக்குப் பிறகு வாயில் வந்த முதல் பெயர். அண்ணாச்சி குனிந்து, மக்கைத் தளும்பாமல் நிரப்பி, அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று எண்ணி ஊற்றினார். கடைசியில் ஒரு மக் மிஞ்சியது. கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “உங்களுக்குத்தான் உடம்பு பெருசு” என்று ஹிந்தியில் சொல்லி, கன்னா பக்கெட்டில் ஊற்றினார். நிமிர்ந்தவர் தூணுக்குப் பின்னால் என்னைப் பார்த்துவிட்டார்.

“பேசிட்டோம்னு போய் சந்தோஷப்படாத. வெந்நி விஷயம் வேற, ஆபீஸ் விஷயம் வேற.”

பதினான்கு அம்சங்கள்

ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஒரு நோட்டு. ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எழுதுகிறார். தலையும் தலையும் முட்டுகிற மாதிரி நெருக்கம். நடுவில் ஒருமுறை சிரிப்புக்கூடக் கேட்டது. அடுத்த வருஷ வேலைத் திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்து, தொந்தரவு பண்ணக் கூடாது என்று பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலும் நானே கொண்டு போய்க் கொடுத்தேன். கன்னா சட்டென்று நோட்டை மூடினார். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை மெஹ்ரா சார் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு பக்கக் கடிதம். ஆஃப்சைட் ஏற்பாடுகளில் எச்.ஆர். பியூலா செய்த குறைபாடுகள், மொத்தம் பதினான்கு அம்சங்கள். பாதி கன்னாவின் நடை, ‘மிகுந்த மன வேதனையுடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது’ என்று இருந்தது. பாதி அண்ணாச்சியின் நடை, அறையில் கதவுக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்பது வரை இருந்தது. கீசர், முறுக்கின் கடினம், மூத்த ஊழியர்களைப் பின்பக்கமாக விழச் சொன்னது, நூற்றெட்டாம் அறை என ஒன்றும் விடுபடவில்லை. பதினான்காவது அம்சம், இனி இந்தப் பொறுப்பை எச்.ஆரிடம் தனியாக விடாமல் கீழே கையொப்பமிட்டுள்ள இருவரும் கொண்ட ஒரு கமிட்டியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது. கீழே இரண்டு கையெழுத்து, பக்கத்தில் பக்கத்தில்.

எனக்கு முகம் எரிந்தது. ஒவ்வொன்றாக விளக்கம் எழுதித் தருகிறேன் சார், முறுக்கு அப்படித்தான் இருக்கும் சார் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. கான்ட்ராக்டர் பேப்பர்களை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். கடிதத்தை மட்டும் பத்திரமாக மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினார்.

“தயவுசெஞ்சு பதில் எழுதிடாதீங்க பியூலா ஜி. பதில் எழுதினா புகார் முடிஞ்சுடும், அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச விஷயம் இருக்காது.”

கமிட்டி

அந்தப் பதினோரு பேருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. தெரியாமலேயே சம்பள நாளன்று என்னிடம் வந்து, அடுத்த முறை ரிசார்ட்டையாவது நல்லதாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கன்னாவும் அண்ணாச்சியும் இப்போது அந்தப் பத்தடியைத் தாங்களே நடந்துகொள்கிறார்கள். கமிட்டிக் கூட்டம் என்று வாரம் ஒருமுறை டீ குடிக்கிறார்கள். என்னைக் கூப்பிடுவதில்லை. முதல் இரண்டு வாரம் மனசு வலித்தது, உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம். அதைக் கவனித்திருப்பார் போல, ஒருநாள் மத்தியானம் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்:

“மனசுல வச்சுக்காதம்மா. புகார்ல உன் பேரைப் போட வேண்டாம்னு நான்தான் சொன்னேன். கன்னாதான், பேரு இல்லாம புகார் எடுபடாதுன்னுட்டாரு.”

ஒரு குழு ஒன்று சேர வேண்டுமென்றால் எல்லோரும் கூடித் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அந்த வேலைக்கு நான் பார்த்தவரை யாரும் விண்ணப்பம் போடுவதுதான் இல்லை.